பெட்டியைக் கட்டிவிட்டு மைக்கா ஒட்டுவதா, ஒட்டிவிட்டு வெட்டுவதா?

சமையலறைக் கப்போர்டோ துணி அலமாரியோ, மைக்கா ஒட்டிய மரவேலை என்றாலே பேச்சு பெரும்பாலும் பலகையைச் சுற்றித்தான் நடக்கிறது. ப்ளைவுட்டில் 710 தரம் வேண்டுமா, 303 தரம் போதுமா, மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு தாங்குமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரே பலகை, ஒரே மைக்கா, ஒரே பசை கொண்டு செய்த இரண்டு கப்போர்டுகளில் ஒன்று வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். இன்னொன்றில் அடுத்த ஐப்பசி மழைக்கே கதவு வளைந்து, மூடினால் மேல்மூலை முட்டாமல் நிற்கும். வேலை எந்த வரிசையில் நடந்தது என்று விசாரித்தால் அங்கேதான் விடை கிடைக்கும்.

பட்டறைகளில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, வெறும் ப்ளைவுட்டை வெட்டிப் பெட்டியாகக் கட்டிவிட்டு, அதன்மேல் ஒவ்வொரு பக்கமாக மைக்கா ஒட்டுவது. இரண்டு, எட்டுக்கு நாலு ஷீட் முழுசாக இருக்கும்போதே இரண்டு முகத்திலும் மைக்கா ஒட்டி, பிரஸ்ஸில் அழுத்தி, அப்புறம் வெட்டி, விளிம்பை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டியை ஒட்டிப் பூட்டுவது. மூன்று, தொழிற்சாலையிலேயே இருபக்கமும் டிசைன் ஏறி வரும், பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டிலான ப்ரீலேம் பலகையை வாங்கி வெட்டிப் பூட்டுவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் படும் இடத்துக்கு இரண்டாவது வழி, அதுவும் ப்ளைவுட்டில். தண்ணீர் படாத உள்பெட்டிகளுக்கு மூன்றாவது வழி தாராளமாகப் போதும். முதல் வழியைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன. ஆனால் முழு வீட்டு வேலையையும் அப்படியே செய்வது இன்றைக்குத் தேவையில்லாத பாடு.

கட்டிவிட்டு ஒட்டும் வழி

இது நம் கார்பென்டர்களின் கை பழகிய வழி. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கையில் பிடிக்கும் கட்டர், ட்ரிம்மர், சுத்தியல், அரம் இருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து செய்துவிடலாம். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காமல் அரை இஞ்ச் சாய்ந்திருந்தாலும் பெட்டியை அதற்கேற்ப இழைத்துச் சேர்த்து, மேலே மைக்கா போர்த்திவிடலாம். இணைப்புகளும் ஆணித்தலைகளும் மைக்காவுக்கு அடியில் மறைந்துவிடும். வளைந்த முகப்பு, பூஜை அலமாரியின் முனை உருட்டல், தூணை ஒட்டிச் செய்யும் கோணல் பெட்டி போன்ற வேலைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்கல் பெட்டியின் உள்ளே தொடங்குகிறது. 560 மி.மீ. ஆழமுள்ள பெட்டிக்குள் கையை விட்டு, மூலை வரை பசை தடவி, மைக்காவைச் சரியாக உட்கார வைத்து அழுத்துவது சாமானிய வேலை இல்லை. கிளாம்ப் போட வழியில்லை, எடை வைக்கவும் வழியில்லை. அதனால் பல இடங்களில் உள்பக்கத்துக்கு எனாமல் பெயின்டோ வார்னிஷோ அடித்து முடித்துவிடுகிறார்கள். வெளிமுகத்தில் மட்டும் மைக்கா. கதவுகளிலும் இதே கதை நடந்தால்தான் பிரச்சினை பெரிதாகிறது.

மைக்கா என்பது காகிதம். பழுப்பு நிறக் கிராஃப்ட் காகித அடுக்குகளை ஃபீனாலிக் ரெசினில் ஊறவைத்து, மேலே டிசைன் காகிதத்தை மெலமைன் ரெசினில் ஊறவைத்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிய தகடு. காகிதம் என்பதால் காற்றில் ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். அகலவாக்கில் இந்த அசைவு நீளவாக்கில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு பக்கம் மைக்கா, மறுபக்கம் வெறும் ப்ளைவுட் என்றால் இரண்டு முகமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் வாங்கிவிடும். ஒரு முகம் நீள, மறுமுகம் நீளாமல் இருந்தால் பலகை வளைவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஏழடி அலமாரிக் கதவில் இது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். கீலை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. வளைவு இருப்பது பலகையில். கீலால் அதை நிமிர்த்த முடியாது.

பெயின்ட் அடித்தால் மறுபக்கம் சமனாகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது. முன்னால் மைக்கா என்றால் பின்னாலும் மைக்காதான் வேண்டும். முன்பக்கம் 1 மி.மீ. என்றால் பின்பக்கம் 0.8 மி.மீ. லைனர், அதாவது உள்பக்கத்துக்கான மெல்லிய மைக்கா, போடுவது வழக்கம், அது பெரும்பாலான கதவுகளுக்குச் சரியாகவே இருக்கிறது. நீளமான கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் போடுவது நல்லது. இரண்டு தகட்டின் நீளவாக்கும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மிச்சத் துண்டு கிடக்கிறதே என்று பின்பக்கம் மட்டும் குறுக்காகத் திருப்பி ஒட்டினால், போட்ட பேலன்ஸ் வீண். ஏழடிக் கதவு என்றால் 19 மி.மீ. ப்ளைவுட்டை விட நல்ல பிளாக்போர்டு (உள்ளே மரச்சட்டங்களை வரிசையாகச் சேர்த்த பலகை) நேராக நிற்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கட்டிவிட்டு ஒட்டுவதுதான் உங்கள் வழி என்றால் ஒரே ஒரு மாற்றம் செய்தாலே பாதி சிக்கல் தீரும். பெட்டியின் உள்முகமாக வரப்போகும் பக்கத்துக்கு மட்டும், பலகை தட்டையாகக் கிடக்கும்போதே லைனர் ஒட்டி அழுத்தி எடுத்துவிடுங்கள். அப்புறம் வெட்டிக் கட்டி, வெளிமுகத்தைக் கடைசியில் ஒட்டுங்கள். ஆனால் நடுவே பலகையை நாள்கணக்கில் ஒருபக்க மைக்காவோடு சாய்த்து வைக்காதீர்கள். அந்த இடைவெளியிலேயே வளைந்துவிடும்.

பசை விஷயம்

வெள்ளைப் பசையா, ரப்பர் பசையா என்ற கேள்வி வரிசையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஃபெவிகால் எஸ்.எச். வகையில் வரும் வெள்ளைப் பசை தண்ணீரில் கலந்தது. மைக்கா காற்றின் ஈரத்தை மெல்ல வாங்கினாலும், இவ்வளவு தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. எனவே பசையிலுள்ள தண்ணீர் முழுக்க ப்ளைவுட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்கு நேரமும், அதுவரை விடாத அழுத்தமும் தேவை. அந்த இரண்டும் கிடைத்தால் அந்த ஒட்டு காலத்துக்கும் விடாது.

ரப்பர் பசை எனப்படும் கான்டாக்ட் பசையை இரண்டு முகத்திலும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் சேர்க்க வேண்டும். தொட்டது தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் பெரிய ஷீட் என்றால் நடுவில் ரீப்பர் குச்சிகளை ஒரு சாண் இடைவெளியில் அடுக்கி, மைக்காவை அதன்மேல் கிடத்தி அளவு பார்த்துக்கொள்வார்கள். நடுக் குச்சியை முதலில் உருவி அந்த இடத்தை அழுத்தி, அங்கிருந்து இருபக்கமும் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போவார்கள். காற்று உள்ளே சிக்காமல் வெளியேறும். பார்க்க அழகான வேலை. அழுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் பெட்டிக்குள் ஒட்டுவதற்கு எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பசை காய்ந்த பிறகும் ரப்பர்தான். சூட்டில் இளகும். அடுப்புக்குப் பக்கத்துப் பலகையிலும், மேற்கு வெயில் நேராக விழும் கதவிலும் நாளடைவில் குமிழி எழும்புவது இதனால்தான். தவிர, இது எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பானில் கலந்து வருவது. ஜன்னல் மூடிய அறையில், பக்கத்தில் பீடியோ வெல்டிங்கோ இருக்கும் இடத்தில் இதைத் திறக்கவே கூடாது. வேலை செய்கிறவரின் தலைவலியையும் இருமலையும் கூலிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. வளைவுக்கும் வீட்டில் வைத்துச் செய்யும் சின்னத் துண்டுக்கும் இதை வைத்துக்கொள்ளலாம். தட்டையான பலகை முழுவதற்கும் வெள்ளைப் பசைதான் என் தேர்வு.

ஒட்டிவிட்டு வெட்டும் வழி

இங்கே பலகை தரையில் தட்டையாகக் கிடக்கும்போதே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு முகத்துக்கு அரை கிலோ அளவுக்குப் பசை, பல்வெட்டுள்ள தகட்டால் சீராக இழுத்துவிட்டால் போதும். கூடுதலாக ஊற்றினால் ஒட்டு கூடாது; தண்ணீர்தான் கூடும், காய நேரமாகும். கீழே மைக்கா, நடுவில் ப்ளைவுட், மேலே மைக்கா என்று அடுக்கி, இப்படியே பத்துப் பதினைந்து ஷீட்களை ஒன்றன்மேல் ஒன்றாக, சூடேற்றாமல் அழுத்தும் கோல்டு பிரஸ்ஸில் ஏற்றி ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்து விட்டுவிடுவார்கள். வெயில் காலத்தில் சில மணி நேரம், மழை நாளில் இரவு முழுக்க. சித்திரை வெயிலில் எதிர்ப் பிரச்சினை வரும்: பசை தடவி முடிப்பதற்குள் மேலே ஆடை கட்டிவிடும். இரண்டு பேர் சேர்ந்து, காலையிலேயே செய்வதுதான் நல்லது.

பிரஸ்ஸிலிருந்து எடுத்த ஷீட்டை விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் மூலை முதல் நடு வரை ஒரே சத்தம் கேட்க வேண்டும். எங்காவது காலியான சத்தம் வந்தால் அங்கே பசை பிடிக்கவில்லை. கையால் ஒட்டிய பலகையில் இந்தச் சோதனையை நடுப்பகுதியில் செய்து பாருங்கள். ஓரத்தில் டேப் ஒட்டி, மேலே சிமென்ட் மூட்டை வைத்து அழுத்தியிருந்தால் நடுப்பகுதிதான் பெரும்பாலும் ஏமாற்றும். பிரஸ் இல்லாத பட்டறை, நடுவில் இரண்டு மி.மீ. புடைப்பாக இழைத்த மரச்சட்டங்களைக் குறுக்கே வைத்து இரு முனையிலும் கிளாம்ப் போடலாம். முனை இறுகும்போது நடுவிலும் அழுத்தம் இறங்கும்.

அடுத்தது வெட்டு. இருபக்கமும் மைக்கா ஒட்டிய பலகையைச் சாதாரண மெஷினில் வெட்டினால் ஒரு முகம் சுத்தமாக வரும், பிளேடு வெளியேறும் முகம் பொரிந்துவிடும். அதற்காகத்தான் பேனல் சா எனப்படும் பலகை வெட்டும் ரம்ப மெஷினில் ஸ்கோரிங் பிளேடு என்று ஒரு சின்னப் பிளேடு இருக்கிறது. பெரிய பிளேடுக்கு முன்னால், எதிர்த்திசையில் சுற்றி, கீழ்முகத்தில் ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் கீறிக்கொண்டு போகும். இது இல்லாத பட்டறையில் இரண்டாவது வழியை முழுசாகச் செய்வது கடினம். மூன்று மி.மீ. கூடுதலாக வெட்டிவிட்டு, நேர்ச்சட்டம் வைத்து ரௌட்டரால் அளவுக்குக் கொண்டுவரலாம். ஒன்றிரண்டு கதவு என்றால் சரி. ஒரு சமையலறை முழுக்க என்றால் நாட்கள் ஓடிவிடும். பேனல் சாவும் எட்ஜ் பேண்டிங் மெஷினும் வைத்துக் கூலிக்கு வெட்டித் தரும் பட்டறைகள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கின்றன. கட்டிங் லிஸ்ட்டைத் துல்லியமாக எழுதிக் கொடுத்தால் வெட்டி, விளிம்பு ஒட்டி, எண் போட்டுத் தருவார்கள். சொந்தமாக மெஷின் வாங்கும் முன் அந்த வழியில் சில வேலைகளைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

விளிம்புதான் இந்த வழியின் உயிர். கட்டிவிட்டு ஒட்டும்போது விளிம்பிலும் மைக்காத் துண்டைத்தான் ஒட்டுவோம். முதலில் விளிம்பு, பிறகு முகம் என்ற வரிசையில் ஒட்டி, அரத்தால் ராவினால் நல்ல திடமான முனை கிடைக்கும். ஆனால் வெளிர் நிறமாக இருந்தால் முனை நெடுக மைக்காவின் பழுப்பு உள்கோடு தெரியும். பி.வி.சி. எட்ஜ் பேண்டில் அந்தக் கோடு பேண்டுக்கு அடியில் போய்விடும். பெட்டிக்கு 0.8 மி.மீ., கதவுக்கு 2 மி.மீ. என்பது நல்ல அளவு, 2 மி.மீ. பேண்டின் முனையை மெஷின் லேசாக உருட்டிவிடுவதால் இடித்தாலும் சில்லு போகாது.

அந்தப் பேண்டை எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்று கேளுங்கள். கையால் ரப்பர் பசை தடவி ஒட்டியது சிங்க் பக்கத்தில் முதலில் உரியும். மெஷினில் ஓடும் ஈ.வி.ஏ. ஹாட்மெல்ட் பசை 190 டிகிரி அளவில் உருகி, ஆறியதும் பிடித்துக்கொள்ளும். பொதுவான வேலைக்கு அது போதும். பி.யு.ஆர். பசை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுவது. ஒருமுறை இறுகினால் சூட்டுக்கும் தண்ணீருக்கும் மறுபடி இளகாது. சிங்க் பெட்டிக்கும் அடுப்புக்குப் பக்கத்துக் கதவுக்கும் அது கிடைத்தால் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

ப்ரீலேம் பலகை

ப்ரீலேமின் பெரிய பலம் கணக்கில் தெரியும். 600 மி.மீ. அகலம், 720 உயரம், 560 ஆழத்தில் ஒரு கீழ்ப்பெட்டியை எடுத்துக்கொள்வோம்: இரண்டு பக்கம், ஒரு அடி, ஒரு தட்டு, பின்பலகை, ஒரு கதவு. எல்லா முகத்துக்கும் மைக்கா என்றால் சுமார் 4.6 சதுர மீட்டர் வேண்டும். ஒரு மைக்கா ஷீட் ஏறத்தாழ 3 சதுர மீட்டர். அதாவது ஒரே பெட்டிக்கு ஒன்றரை ஷீட். வெட்டுச் சேதாரம் தனி. ஆனால் 18 மி.மீ. ப்ளைவுட் முக்கால் ஷீட்டுக்குள்தான் போகிறது. பலகையை விட மேலே ஒட்டுவதற்கும், அதற்கான பசைக்கும் கூலிக்கும்தான் காசு நிறையப் போகிறது. ப்ரீலேமில் அந்தச் செலவு பலகை விலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டு முகமும் தொழிற்சாலையில் ஒரே சமயத்தில் ஏறுவதால் பேலன்ஸ் பிரச்சினையும் இல்லை. பலகை தட்டையாக வரும்.

பலவீனமும் தெளிவானது. அதன் மேல்தோல் ஒற்றை மெலமைன் காகிதம்தான், 1 மி.மீ. மைக்காவின் உழைப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. எவர்சில்வர் பாத்திரங்களை இழுத்து இழுத்து வைக்கும் தட்டில் கீறல் விழும். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை கழற்றிய திருகு அதே துளையில் மறுபடி பழையபடி பிடிக்காது. 18 மி.மீ. தட்டில் புத்தகங்களை அடுக்குவதாக இருந்தால் 600 மி.மீ. அகலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றடித் தட்டு தொய்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல், நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறது. பெட்டியின் பக்கப்பலகை தரையில் நேராக உட்கார்ந்திருந்தால், யார் கண்ணுக்கும் தெரியாத அந்த அடிவிளிம்பு வழியாகத்தான் தண்ணீர் ஏறும். பார்ட்டிகிள் போர்டு ஊதினால் ஊதியதுதான், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ப்ளைவுட்டானாலும் ப்ரீலேமானாலும் 100 மி.மீ. பி.வி.சி. கால்களில் பெட்டியைத் தூக்கி வைப்பதும், அடிவிளிம்புக்கும் பின்விளிம்புக்கும் பேண்ட் போடுவதும் கட்டாயம். சிங்க் குழாய்க்காகப் பின்பலகையில் போடும் ஓட்டையின் வாயையும் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும்.

எச்.டி.எச்.எம்.ஆர். என்று வரும் அடர்த்தியான பலகை ப்ளைவுட்டுக்கும் ப்ரீலேமுக்கும் நடுவில் நிற்கிறது. ஈரத்தைப் பார்ட்டிகிள் போர்டை விட நன்றாகத் தாங்கும், விளிம்பு வழவழப்பாக வெட்டுப்படும். ஆனால் 18 மி.மீ. ஷீட் ஒன்று 45 கிலோ அளவுக்கு வரும். பெரிய கதவுக்குக் கீல் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கும். முழு பி.வி.சி., அலுமினியக் கப்போர்டுகள் தண்ணீருக்கு அஞ்சாதவை. அவை வேறு கைவேலை, இந்த ஒப்பீட்டில் சேராது.

எங்கே எது

சிங்க் பெட்டியும் அதன் இருபக்கப் பெட்டிகளும்: 710 ப்ளைவுட், இருபக்கமும் மைக்கா, பிரஸ்ஸில் ஒட்டி வெட்டியது. 710 முத்திரை என்றால் அதன் ஒட்டு 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும் என்று அர்த்தம். மற்ற கீழ்ப்பெட்டிகளுக்கு 303-இல் கொதிநீரை ஓரளவு தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரம் போதும். மேல்பெட்டிகள், லாஃப்ட், துணி அலமாரியின் உள்பெட்டி ஆகியவற்றுக்கு மெஷின் பேண்ட் போட்ட ப்ரீலேம். கண்ணில் படும் கதவுகள் எல்லாவற்றுக்கும் பெட்டி எதுவாக இருந்தாலும் பிரஸ்ஸில் ஒட்டிய மைக்காதான். ஒரு மரக்கோட்டு டிசைன் வரிசைக் கதவுகளில் தொடர வேண்டுமென்றால் அந்தக் கதவுகளை ஒரே ஷீட்டிலிருந்து வரிசைப்படி எடுப்பதும் இந்த வழியில்தான் சுலபம்.

சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்பும் தட்டும் ஏற்கெனவே இருக்கும் வீடுகளில், அதை இடித்துவிட்டு மரப்பெட்டி வைக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கல்லைக் கரையானும் தின்னாது, தண்ணீரும் ஊதவைக்காது. முகப்பில் மரச்சட்டம் அடித்து, பிரஸ்ஸில் ஒட்டிய கதவுகளை மட்டும் மாட்டினால் போதும். ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு அளவில் இருக்கும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மூலைவிட்டத்தையும் அளந்து கட்டிங் லிஸ்ட் எழுத வேண்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது சதுர அடி விலையை மட்டும் பார்த்து இரண்டு பட்டறைகளை ஒப்பிட முடியாது. பெரும்பாலும் அது முகப்பின் உயரம் பெருக்கல் அகலம்தான். உள்ளே என்ன போகிறது என்பது அதில் தெரியாது. உள்பக்கம் லைனரா பெயின்டா, கதவின் பின்பக்க மைக்கா என்ன கனம், அடிவிளிம்புக்குப் பேண்ட் உண்டா, பின்பலகை 6 மி.மீ. தானா அதற்கு மேலா, ஒட்டுவது பிரஸ்ஸிலா கையாலா என்று ஐந்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் விலையைப் பேசலாம்.